காற்றின் பெயர் தெரிந்த எழுத்து

ஆக்க இலக்கியத்தில் வர்ணனை பற்றிச் சில குறிப்புகள்

நமது நூல் வெளியீட்டு விழாக்களில் நயவுரை நிகழ்த்துவோர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்றுண்டு. 'ஆசிரியரின் இயற்கை வர்ணனை சிறப்பாக அமைந்துள்ளது' என்பதே அது. கதையைப் பற்றியும் பாத்திரங்களைப் பற்றியும் கருத்து வேற்றுமை வரலாம். வர்ணனையைப் பற்றி வருவதில்லை. அதை ஒரு நகையாகவே நாம் கருதிப் பழகிவிட்டோம். கழுத்தில் கிடந்தால் அழகு. இல்லாவிட்டாலும் ஆள் ஆள்தான். எனவே அதைப் பாராட்டுவதில் யாருக்கும் நட்டமில்லை.

வர்ணனையை இவ்வளவு மலிவாக மதிப்பிடுவது சரியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒரு கதை எங்கே, எந்தப் பொழுதில், யாருடைய கண்ணுக்கு முன்னால் நடக்கிறது என்பதை எழுத்தாளன் எந்தச் சொற்களால் கட்டுகிறானோ, அந்தச் சொற்களே வாசகனின் மனநிலையையும் தீர்மானிக்கின்றன. மகிழ்ச்சி, பயம், ஏக்கம் என்று பெயர் சொல்லி உணர்ச்சியை வாசகனுக்குக் கொடுத்துவிட முடியாது. இடமும் பொழுதும் பொருளும் சரியாக அமைந்தால் உணர்ச்சி தானாக வரும். வடபுலத்தையும் அதை இழந்தவர்களையும் பற்றி எழுதுகிற நமக்கு இது வெறும் உத்திப் பிரச்சினையன்று என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்ல முயல்வேன்.

கடலில் மூழ்காத சூரியன்

நான் படிப்பிப்பது பருத்தித்துறைப் பக்கத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில். 'கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது' என்ற தலைப்பைக் கொடுத்தால், பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் 'செங்கதிரோன் மெல்ல மெல்லக் கடலில் மூழ்கினான்' என்று எழுதித் தருவார்கள். பருத்தித்துறையிலிருந்து மணற்காடு, மருதங்கேணி என்று நீளும் எங்கள் கரை, சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்திருப்பது. இங்கே அவன் கடலிலிருந்து எழுவான். மாலையில் பனைகளுக்கும் மணற்பிட்டிகளுக்கும் பின்னால் இறங்குவான். மாலையில் கடல் முதலில் இருளும். ஊர்ப்பக்கம்தான் சிவந்து கிடக்கும். கடலுக்குப் போன ஆளைத் தேடிக் கரையில் நிற்கிற பெண்ணின் முகத்தில் செவ்வொளி படாது, முதுகில்தான் படும். முகத்துக்கு முன்னால் இருப்பது கறுத்துக்கொண்டு வரும் நீர்.

இந்த ஒரு செய்தியிலேயே ஒரு சிறுகதைக்குரிய மனநிலை இருக்கிறது. அதைத் தினமும் பார்க்கிற பிள்ளை அதை எழுதுவதில்லை. எங்கேயோ மேற்குக் கரையில் மறைந்த சூரியனை, சினிமாவிலும் மாதிரிக் கட்டுரைப் புத்தகத்திலும் மறைந்த சூரியனை எழுதுகிறது. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைக்கிறது. இப்பிள்ளைகளே வளர்ந்து கவிதையும் கதையும் எழுத வருகிறார்கள். கண் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோவது வகுப்பறையிலேயே தொடங்கிவிடுகிறது.

மரபு சொல்வது என்ன?

இந்த வெற்று வர்ணனைக்கு மரபின்மீது பழிபோடுவது வழக்கம். காவியங்களின் நாட்டுப் படலமும் நகரப் படலமும்தான் நம்மைக் கெடுத்தன என்பார்கள். நான் அவ்வாறு கருதவில்லை.

தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் பறவை, மரம், தொழில் முதலியன கருப்பொருள். மனித ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். நெய்தலுக்குப் பொழுது எற்பாடு, உணர்வு இரங்கல். இடத்தையும் நேரத்தையும் உணர்வையும் தனித்தனியே வைக்க முடியாது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இலக்கணம் நமக்கு இருக்கிறது. ஆனால் நெய்தலின் இரங்கல், கரையில் காத்திருப்பவளின் நோக்கிலிருந்து பிறந்தது. கடலுக்குப் போகிறவனின் பொழுது விடியற்புறம். அவனுடைய உணர்வு வேறு. மரபைப் படித்தவன், இது யாருடைய பொழுது, யாருடைய கண் என்று கேட்கவேண்டும். நாமோ விடையை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டோம்.

நமக்கு நெருங்கிய உதாரணம் சீறாப்புராணம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி உமறுப்புலவர் பாடிய இக்காவியம், அறபு நாட்டை மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் நாடாகக் காட்டுகிறது. பாலை நிலத்தில் நெல் விளையுமா என்று இன்றைய வாசகன் கேட்கலாம். புலவருக்கு அது தெரியாது என்று நினைப்பது பேதைமை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அறபுக் கடல் வணிகம் நடந்த காலம் அது. நபிகள் நாயகம் அவர்கள் பிறந்த மண்ணைத் தமிழ் வாசகனின் சொந்த மண்ணாக உணரச் செய்வதே அவருடைய நோக்கம். வளமான நாடு என்றால் மருதம்தான் என்று பழகிய காதுக்கு அவர் மருதத்தைக் கொடுத்தார். புவியியலுக்குப் பொருந்தாத அந்த வர்ணனை, தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஆகவே வர்ணனை உண்மையா பொய்யா என்பது இரண்டாவது கேள்வி. அது என்ன வேலை செய்கிறது என்பதே முதற் கேள்வி. உமறுவின் நெல் வயல் ஒரு மக்கள் கூட்டத்தையும் ஒரு மார்க்கத்தின் தோற்றுவாயையும் ஒட்டவைத்தது. எங்கள் பிள்ளைகளின் கடலில் மூழ்கும் சூரியன் எதையும் ஒட்டவைப்பதில்லை. கண்ணையும் மண்ணையும் பிரித்துவைக்கிறது.

பெயராக நிற்கும் ஊர், பாத்திரமாகும் ஊர்

ஈழத்து முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885 இல் வெளிவந்தது. அதை எழுதிய சித்திலெவ்வை கண்டியில் வாழ்ந்த சட்டத்தரணி. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். கதை எகிப்திலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நடக்கிறது. அந்தக் காலத்தில் ஈழத்து முஸ்லிம் வாசகனுக்கு இவ்வளவு விரிந்த உலகத்தைத் திறந்துவிட்டது பெரிய காரியம். ஆயினும் அந்த ஊர்கள் பெரும்பாலும் பெயர்களாகவே நிற்கின்றன. வீரனின் சாகசம் ஓடுகிற வேகத்தில் தெருவின் புழுதி நம்மேல் படுவதில்லை. இது குறை கூறலன்று; அந்நாவலின் வேலை வேறு. ஆனால் இடம் பாத்திரமாக மாற நாம் இன்னும் பல பதிற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1950களின் பிற்பகுதியில் 'மண்வாசனை' என்ற கோஷம் எழுந்து நமது புனைகதையை அதன் சொந்த நிலத்துக்குத் திருப்பியது. அதன் நல்ல விளைச்சல்கள் எனப் பல நூல்களைச் சொல்லலாம். 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. வாடைப் பருவத்தில் நெடுந்தீவுக்குத் தொழில் செய்ய வரும் மீனவர்களுக்கும் தீவின் மக்களுக்கும் இடையே மூளும் உறவும் பகையுமே கதை. 1978 இல் அது திரைப்படமாகவும் வந்தது. அந்நாவலில் காற்று ஒரு பின்னணித் திரையன்று. காற்று மாறினால் ஆட்கள் வருகிறார்கள். காற்று மாறினால் போகவேண்டும். காதலுக்கும் ஒரு தவணை உண்டு என்பதை ஆசிரியர் சொல்லவேண்டியதே இல்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. செங்கை ஆழியான் புவியியல் கற்றவர். அந்த அறிவு அவருக்குப் பெரிய பலம். சில இடங்களில் கதைசொல்லியை முந்திக்கொண்டு புவியியலாளர் பேசத் தொடங்குவது பலவீனம். ஆனால் காற்றின் பெயரைத் தெரிந்த ஒருவர் எழுதியது என்ற நம்பிக்கை நமக்கு முதற் பக்கத்திலேயே வந்துவிடுகிறது.

இந்த வாடையைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம். வடகீழ்ப் பருவத்தில் எங்கள் கரையில் வள்ளங்களைக் கரையேற்றிப் போட வைக்கும் அதே காற்றுத்தான், தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பிள்ளைகளின் பட்டங்களை ஏற்றுகிறது. தகப்பனுக்கு அது தொழிலில்லாக் காற்று. மகனுக்கு விளையாட்டுக் காற்று. 'காற்றுப் பலமாக வீசியது' என்று எழுதினால் இருவரும் அதில் இல்லை. யார் அந்தக் காற்றில் நிற்கிறார் என்று எழுதினால்தான் அது வர்ணனையாகிறது.

இரண்டாவது, அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. வன்னிப் பெருநிலத்தின் தண்ணிமுறிப்பு அதன் களம். நிலத்தை ஒட்டியே வாழும் அந்தச் சிறு பறவையின் பெயர், கதாநாயகி பதஞ்சலியின் இயல்புக்கும் அவளுடைய அபாயத்துக்கும் படிமமாகிறது. படிமத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து கதையின்மேல் ஒட்டவில்லை. அந்தக் காட்டில் அந்தப் பறவை இருக்கிறது. கதை மாந்தர் அதைத் தினமும் காண்கிறார்கள். அதனால்தான் நம்பமுடிகிறது. வன்னிப் பெண்ணொருத்தியை வர்ணிக்க அன்னத்தையும் மயிலையும் அழைத்திருந்தால் அந்த நாவல் இன்று நினைவில் நின்றிருக்காது.

மொழியே இடமாதல்

தமிழகத்து முஸ்லிம் எழுத்துக்களில் இதற்கு இரு வேறு திசைகளில் உதாரணம் உண்டு.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து 1988 இல் நூலாயிற்று. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்து வாழ்வே அவருடைய எழுத்தின் ஊற்று. அந்நாவலில் கடலின் அழகைப் பற்றிய நீண்ட பந்திகளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மலையாளமும் அறபும் கலந்த அந்த ஊர்த் தமிழே களத்தைக் கட்டுகிறது. வடக்கு வீட்டு முதலாளியின் முன்னால் ஊர் எப்படிக் கூசி நிற்கிறது, சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது அதற்கு எப்படி அடங்காமல் நிற்கிறான் என்பதை அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களே காட்டிவிடுகின்றன. ஊரின் காற்றில் உப்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்பது உரையாடலிலேயே தெரிகிறது. வட்டார வழக்கு விளங்கவில்லை என்று முறைப்பட்டவர்கள் உண்டு. அந்த வழக்கை எடுத்துவிட்டுப் பொதுத் தமிழைப் போட்டால் அங்கே கிராமமும் இராது, கடலும் இராது.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இன்னொரு வழியைக் காட்டுகிறது. வெளியே போக இயலாத பெண்களின் கதைக்கு மலையும் கடலும் எங்கிருந்து வரும்? அறை, அடுக்களை, முற்றம், அடுத்த வீட்டுச் சுவர் ஆகியவையே அங்கு நிலம். இரவின் ஜாமம்தான் பொழுது. முதற்பொருள் இரண்டும் இவ்வளவு சுருங்கிவிட்ட இடத்தில் மூச்சுமுட்டல் என்ற உணர்வு தானாக வருகிறது. வர்ணனை என்றாலே இயற்கை என்று எண்ணுவோருக்கு இந்நாவல் நல்ல பதில்.

கவிதைக்கு வந்தால், நமது கல்முனைச் சோலைக்கிளியை விட்டுவிட்டுப் படிமத்தைப் பற்றிப் பேச இயலாது. 'எட்டாவது நரகம்' (1988) என்ற தலைப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள். நரகத்துக்கு வாசல்கள் ஏழு என்று மத்ரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். எட்டாவது எங்கே இருக்கிறது என்ற கேள்வியிலேயே எண்பதுகளின் கிழக்கு மாகாணம் முழுவதும் வந்துவிடுகிறது. 'காகம் கலைத்த கனவு' (1991) என்பதிலும் அவ்வாறே. காகம் நமது வேலியில் தினமும் கத்துகிற பறவை. வீட்டுப் பொருளும் தோட்டத்துப் பறவையும் அச்சம் தருவனவாக மாறுகிறபோது, யுத்தம் என்ற சொல் இல்லாமலே யுத்தம் நம் வளவுக்குள் வந்துவிடுகிறது. அவரைப் பின்பற்றிய பலர் விசித்திரமான சேர்க்கைகளை மட்டும் கற்றுக்கொண்டார்கள். அந்த விசித்திரம் அயலிலிருந்தே பிறந்தது என்பதைக் கவனிக்கவில்லை.

இழந்த நிலத்தை எழுதுதல்

இதுவரை சொன்னது கலை பற்றியது. இனிச் சொல்வது அதனால் யாருக்கு என்ன என்பது.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்களே. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குச் சோனகதெரு என்பது வாப்பாவும் உம்மாவும் கதைத்த கதைதான். 2009 க்குப் பின்னர் ஒரு பகுதியினர் திரும்பி வந்தனர். அவர்கள் கண்டதும் விட்டுப்போன தெருவை அன்று. ஆகவே அந்த ஊர் இன்று பெரும்பாலும் சொற்களில்தான் இருக்கிறது. சொல் பிழைத்தால் ஊரும் பிழைத்துப்போகும்.

வெளியேற்றத்தைப் பற்றிய நமது கவிதைகளிலும் கதைகளிலும் நான் அடிக்கடி காண்பது 'எழில் கொஞ்சும் எங்கள் பூமி', 'சொர்க்கமாய்த் திகழ்ந்த தாயகம்' போன்ற தொடர்கள். அந்த வேதனை உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எழில் கொஞ்சும் பூமி எங்கும் உண்டு. ஒட்டுமடச் சந்தி ஓரிடத்தில்தான் உண்டு. எந்தக் கடையில் எந்த நேரத்தில் இரும்பு அடிக்கும் ஓசை கேட்டது, தையற்கடை வாசலில் யார் குந்தியிருந்தார், நோன்பு துறக்கும் நேரத்தில் ஒழுங்கையில் என்ன மணம் வந்தது என்று எழுதினால், அங்கே பிறவாத பிள்ளையும் அந்த ஒழுங்கையில் நடக்கும். முல்லை முஸ்ரிபா தமது தொகுதி ஒன்றுக்கு 'அவாவுறும் நிலம்' என்று பெயரிட்டார். நிலத்தை அவாவுகிற மனிதனா, மனிதனை அவாவுகிற நிலமா என்று அத்தலைப்பு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. 'சொர்க்க பூமி' என்பதில் அந்த யோசனைக்கு இடமில்லை.

யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990 க்குப் பிந்திய யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட தமிழ்ப் புனைகதைகளில் ஷெல்லடி உண்டு, பங்கர் உண்டு, மண்ணெண்ணெய் விளக்கு உண்டு, சைக்கிள் உண்டு. ஆனால் பாங்கொலி நின்றுபோன தெருவின் அமைதி பலவற்றில் இல்லை. பழைய இரும்புக் கடை பூட்டிக் கிடந்ததையும், பெருநாள் வந்தது தெரியாமலே நகரம் அதைக் கடந்ததையும் எழுதியவர் மிகச் சிலரே. இருந்த ஒலியை எழுதுவது போலவே இல்லாமற்போன ஒலியை எழுதுவதும் வர்ணனைதான். அந்த ஆண்டுகளின் யாழ்ப்பாணத்தை அந்த மௌனம் இல்லாமல் வர்ணிப்பது, கடலில் சூரியனை மூழ்கவைப்பது போன்றதே. கண் பார்த்தது ஒன்று, எழுதியது வேறொன்று.

கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். யுத்த காலத்தில் பருத்தித்துறைக் கரை கம்பிவேலிக்குள் போனது. கடலுக்குப் போகப் பாஸ் கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் அதே கடல் வடமராட்சி கிழக்கின் ஊர்களுக்குள் புகுந்தது. அதன்பின்பு 'நீலக்கடல் தாலாட்டியது' என்று இக்கரையைப் பற்றி எழுதுகிறவன் தன் அயலவரைக் கேட்காமல் எழுதுகிறான் என்றே கொள்ளவேண்டும். நிலத்தின் பொருள் மாறும்போது அதற்கான சொல்லும் மாறவேண்டும்.

பட்டியலும் தேர்வும்

இதற்கு மறுபக்கமும் உண்டு. நுணுக்கமாக எழுதவேண்டும் என்று சொன்னால் சிலர் கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கிவிடுகிறார்கள். வேலியில் என்ன கதியால், முற்றத்தில் எத்தனை பூக்கன்று, சுவரில் எந்த ஆண்டுக் கலண்டர் என்று பந்தி பந்தியாக வரும். அது சந்தைக்குப் போகும் பட்டியல். நூறு பொருளில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதில்தான் மனநிலை பிறக்கிறது.

இரண்டு மாதிரிகளை எழுதிப் பார்ப்போம். முதலாவது: 'கடல் ஆர்ப்பரித்தது. காற்றுப் பேயாக வீசியது. அவள் உள்ளம் சோகக் கடலில் ஆழ்ந்தது.' இரண்டாவது: 'வாடை தொடங்கி ஒன்பதாம் நாள். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. கடைக்காரரின் கடன் கொப்பியில் அவளுடைய பக்கம் நிறைந்துவிட்டது.' முதலாவதில் மூன்று பெரிய சொற்கள் இருக்கின்றன, ஆளைத்தான் காணவில்லை. இரண்டாவதில் சோகம் என்ற சொல்லே இல்லை. ஆனால் அடுத்த பக்கத்தைக் கடைக்காரர் புரட்டுவாரா மாட்டாரா என்ற பதைப்பு வாசகனுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பதைப்புத்தான் நாம் தேடுகிற மனநிலை.

பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று உண்டு. தெருவுக்கு மேலேயே கூரையிட்டுக் கட்டிய பழைய மடம். வீதி அதற்கு நடுவால் போகிறது, இருபுறமும் திண்ணை. புராதனச் சிறப்புமிக்க கட்டடம் என்று எழுதலாம். வெயிலில் சைக்கிள் உழக்கி வருகிற ஒருவனுக்கு முதுகில் ஒரு கணம் நிழல் விழுந்து மறைகிறது என்றும் எழுதலாம். மடத்தைக் கட்டியவரின் மனம் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

இளம் படைப்பாளிகளுக்கு விதிகள் சொல்ல நான் விரும்பவில்லை. எழுதி முடித்த வர்ணனையைப் பார்த்து மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இதைப் பார்க்கிற கண் யாருடையது? இந்தப் பொருளுக்கு, இந்தக் காற்றுக்கு, இந்த நேரத்துக்கு அவ்வூரார் வைத்த பெயர் என்ன? இந்தப் பந்தியை எடுத்துவிட்டால் கதையில் எது குறையும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பந்தியை எடுத்துவிடலாம். பதில் இருந்தால், எவர் என்ன சொன்னாலும் அதை எடுக்கவேண்டாம்.

விமர்சகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 'வர்ணனை சிறப்பாக உள்ளது' என்ற வாக்கியத்தைச் சில காலத்துக்கு ஒத்திவைப்போம். எந்த வர்ணனை, யாருடைய நிலத்தை, எந்தச் சொல்லால் காப்பாற்றியது என்று சொல்லப் பழகுவோம். ஊரை இழந்தவர்களுக்கும் ஊரில் இருந்துகொண்டே அதன் பாதியை மறந்தவர்களுக்கும் இலக்கியம் செய்யக்கூடிய உதவி அதுதான்.